“வந்தது சரிம்மா, போறது எப்படி?”

முதலாண்டு எம்.பி.பி.எஸ்., ஃபிசியாலஜி இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எனக்கு விழுந்த தலைப்பு, பயத்திலும் மன அழுத்தத்திலும் ஹார்மோன்களை விடும் அட்ரினல் சுரப்பி. உள்ளுக்குள் ஒரே குஷி, முந்தின இரவு இரண்டு மணி வரை அதைத்தான் உருப்போட்டிருந்தேன். மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து சி.ஆர்.எச்., அது தூண்ட பிட்யூட்டரியிலிருந்து ஏ.சி.டி.எச்., அது தூண்ட சுரப்பியின் வெளிப்பகுதியான கார்ட்டெக்ஸில் கார்டிசால், உட்பகுதியான மெடுல்லாவில் அட்ரினலின் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சார் தன் டீயில் படிந்த ஆடையைப் பேனா மூடியால் ஒதுக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் நிமிர்ந்தார்.

“வந்தது சரிம்மா. போறது எப்படி?”

“யூரின்ல போயிடும் சார்.”

“அப்போ கிட்னி ஃபெயிலியர் பேஷன்ட் எல்லாம் ஆயுசுக்கும் பயந்துக்கிட்டே இருப்பாங்களா?”

பக்கத்து மேசைப் பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். என் கைக்குட்டை அதற்குள் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. பத்துக்கு மூன்று மார்க்.

குறை என்னுடையதுதான். ஹார்மோன் சுரப்பதைப் படிக்கும்போது படம், அம்புக்குறி எல்லாம் போட்டுப் படிக்கிறோம். அது ரத்தத்தை விட்டு வெளியேறும் கதை பாடத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். அந்தப் பத்திக்கு வரும்போது கண் செருகிவிடும். அடுத்த இன்டர்னலுக்கு அந்தக் கடைசிப் பத்தியிலிருந்தே படிக்கத் தொடங்கினேன். எனக்கு உதவிய விதத்தை ஜூனியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் நேரக்கோடு போடுங்கள். நான் போட்டது என் வைவாவைத்தான். உள்ளே போனது 11 மணி, வெளியே வந்தது 11.15. அட்ரினலினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், இரண்டு மூன்று நிமிடம்தான். புதிதாகச் சுரப்பது நின்றால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அநேகமாகக் காலி. 11.30-க்குக் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தபோது படபடப்பு அடங்கியிருந்ததில் வியப்பில்லை. ஆனால் கார்டிசால் மெதுவாகக் கிளம்பும் ஆள். மன அழுத்தம் தொடங்கி அரைமணி நேரம் போல ஆன பிறகுதான் அது உச்சத்துக்குப் போகும். அதாவது நான் “எல்லாம் முடிஞ்சுது” என்று வடையைப் பிட்டு வாயில் வைத்த நேரத்தில்தான் என் ரத்தத்தில் கார்டிசால் உச்சத்தில் இருந்திருக்கும். அதன் அரை ஆயுள் 60 முதல் 90 நிமிடம். மதிய சாப்பாடு வரைக்கும் அது என்னை விட்டிருக்காது. இந்த ஒரு கோட்டைப் போட்ட பிறகு இரண்டின் அரை ஆயுளும் எனக்கு மறக்கவேயில்லை.

இன்னொரு குறுக்குவழி, மருந்து கொடுக்கும் இடைவெளி. இதயம் நின்றவருக்கு ரத்தநாளம் வழியாக அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். போட்டது அவ்வளவு சீக்கிரம் காணாமல் போய்விடுகிறது. அட்ரினல் போதுமான அளவு சுரக்காத அடிசன் நோயாளிக்கு ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, அதாவது அதே கார்டிசால், நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வார்டில் கேஸ் ஷீட்டைப் பார்த்தாலே எது வேகமாகப் போகிறது, எது மெதுவாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இனி யார் அப்புறப்படுத்துகிறார்கள் என்பது. அட்ரினலினைச் செல்கள் முதலில் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே இரண்டு என்சைம்கள் காத்திருக்கின்றன: சி.ஓ.எம்.டி., எம்.ஏ.ஓ. ரத்தத்தில் ஓடும் அட்ரினலினைப் பொறுத்தவரை கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள சி.ஓ.எம்.டி.க்குத்தான் பெரிய பங்கு. அது ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டவைத்தால் அட்ரினலின் மெட்டாநெஃப்ரின் ஆகிவிடும், எம்.ஏ.ஓ.வும் தன் வேலையைச் செய்தபின் கடைசியில் வி.எம்.ஏ. என்ற கழிவாகச் சிறுநீரில் போகும். ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்துப் பார்ப்பது இந்தக் கழிவுகளைத்தான். போன ஹார்மோனின் காலடித் தடத்தை எண்ணி, சுரப்பி எவ்வளவு ஆட்டம் போட்டது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

சி.ஓ.எம்.டி.யை 1950களின் பின்பாதியில் கண்டுபிடித்தவர் ஜூலியஸ் ஆக்சல்ராட். நரம்பு முனை தான் விட்ட நார்அட்ரினலினை (அட்ரினலினின் நெருங்கிய உறவு) தானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று காட்டியவரும் அவர்தான். 1970-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் எதிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிஎச்.டி. வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று மார்க் வாங்கிய அன்று இதைப் படித்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு கொக்கிக் கேள்வி உண்டு. நுரையீரல் வழியாக ஓடும்போது நார்அட்ரினலினில் ஒரு பகுதி பிடிபட்டுவிடும். அட்ரினலின் ஏறக்குறைய அப்படியே கடந்து போய்விடும். “இரண்டும் ஒன்றுதானே” என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கார்டிசால் சமாசாரம் வேறு. அது கொழுப்பில் கரைவது, ரத்தத்தில் தனியாக நடமாடாது. 90 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பகுதி டிரான்ஸ்கார்ட்டினோடு, மிச்சம் ஆல்புமினோடு. ஒட்டிக்கொண்டிருப்பதைக் கல்லீரலும் சுலபத்தில் தொடமுடியாது, சிறுநீரகமும் வடிகட்ட முடியாது. அதனால்தான் அதன் ஆயுள் நீளம். அவிழ்ந்து வருவதைக் கல்லீரல் பிடித்து, ரிடக்டேஸ் என்சைம்களால் அதன் முதல் வளையத்திலுள்ள இரட்டைப் பிணைப்பை உடைத்து டெட்ராஹைட்ரோகார்டிசால் ஆக்குகிறது. பிறகு குளுக்குரோனிக் அமிலத்தை மாட்டிவிடுகிறது. இப்போது அது தண்ணீரில் கரையும், சிறுநீரில் போகும். கார்டிசாலாகவே சிறுநீரில் வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. (அந்தத் துளியூண்டைத்தான் கார்டிசால் மிகுந்துவிடும் குஷிங் நோய்க்கு 24 மணி நேரம் பிடித்து அளக்கிறார்கள்.)

சாரின் கேள்விக்குப் பதில் இதுதான். வேலையைப் பெரும்பாலும் முடிப்பது கல்லீரல். சிறுநீரகம் குப்பையை வெளியே தள்ளும் வாசல். வாசல் அடைத்துக்கொண்டால் உள்ளே சேருவது பெரும்பாலும் செத்த பாம்பு, அது கொத்தாது.

சிறுநீரகத்தை ஒரேயடியாக வாசல்காரன் ஆக்கிவிடவும் கூடாது. அங்கே 11 பீட்டா எச்.எஸ்.டி. 2 என்ற என்சைம் கார்டிசாலை வீரியமில்லாத கார்டிசோனாக மாற்றுகிறது. உடலில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனான அல்டோஸ்டிரோனுக்கு உரிய ஏற்பியில் கார்டிசாலும் அதே பிடியோடு உட்காரும். ரத்தத்தில் மொத்த அளவில் அது ஆயிரம் மடங்கு அளவுக்கு அதிகம் வேறு. இந்த என்சைம் காவல் இல்லையென்றால் அல்டோஸ்டிரோனுக்கு உட்கார இடமே கிடைக்காது. அதிமதுரம் இந்தக் காவலாளியைத் தூங்கவைத்துவிடும். தொண்டைக் கமறலுக்கு என் பாட்டி ஒரு துண்டு கொடுப்பார், அதில் ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தினமும் நிறையத் தின்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். ஷார்ட் நோட்டில் இதை இரண்டு வரி எழுதுங்கள், திருத்துபவர் நிச்சயம் நின்று படிப்பார்.

எல்லோரும் விட்டுவிடுவது ஃபீட்பேக். கார்டிசாலே மேலே போய் சி.ஆர்.எச்., ஏ.சி.டி.எச். இரண்டையும் அடக்குகிறது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்து என்ன பயன்? அதனால் விடையின் முதல் வரி சுரப்பு நிற்பது, அதன் பிறகுதான் கல்லீரல். நிறையத் தண்ணீர் குடித்தால், வியர்க்க வியர்க்க ஓடினால் கார்டிசால் கரைந்து போய்விடும் என்று ஹாஸ்டலில் ஒருத்தி சாதிப்பாள். நல்ல பழக்கங்கள்தான், ஆனால் கார்டிசால் போகும் வழி அது இல்லை.

நேரமிருந்தால் வேகம் மாறும் இடங்களையும் பாருங்கள். தைராய்டு அதிகம் சுரக்கும் ஹைப்பர்தைராய்டில் கார்டிசால் சீக்கிரம் சிதையும். குறைவாகச் சுரக்கும் ஹைப்போதைராய்டிலும், கல்லீரல் தழும்பேறிக் கெடும் சிரோசிஸிலும் தாமதமாகும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் டிரான்ஸ்கார்ட்டினைக் கூட்டிவிடும், அதனால் மொத்தக் கார்டிசால் அதிகம் என்று ரிப்போர்ட் பார்த்துப் பதறக்கூடாது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரல் என்சைம்களைத் தூண்டிவிட்டு கார்டிசாலை வேகமாகத் தீர்த்துவிடும். நம் ஊரில் அட்ரினலையே காசநோய் அரித்துவிடும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு இந்த மாத்திரையைத் தொடங்கும்போது ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட வேண்டிவரும். மெடிசின் போஸ்டிங்கில் இது திரும்ப வரும், இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சைத் தாளில் நான் எழுதிய வரிசை: நேரக்கோடு படம், ஃபீட்பேக், அட்ரினலினுக்கு நான்கு வரி, கார்டிசாலுக்கு எட்டு வரி, கடைசியில் அதிமதுரம். ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

யுனிவர்சிட்டி பிராக்டிகலில் எனக்கு வந்தது தைராய்டு. தைராய்டு ஹார்மோனான டி4 எப்படி உண்டாகிறது என்று மட்டும் கேட்டார்கள். “போறது எப்படி” என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே அரை ஆயுள் ஏழு நாள் என்று ஆரம்பித்தேன். எக்ஸ்டெர்னல் மேடம் கையைக் காட்டி, “போதும்மா, அடுத்த ஆளை வரச் சொல்லு” என்றார்.