நாற்பத்திரண்டா, நாற்பத்து மூன்றா?

என் இளைய மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடம் நடந்துகொண்டிருந்தது. 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் காண வேண்டும். முதல் எண் 301, கடைசி எண் 595, பொது வித்தியாசம் 7. அதெல்லாம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். எத்தனை எண்கள் என்பதில்தான் 42 என்று போட்டிருந்தாள். 43 வர வேண்டும். திருத்திக் கொடுத்தால் அடுத்த கணக்கிலும் அதே ஒன்று குறைந்தது.

மூத்தவனுக்கு பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி பீரோவில் சும்மா கிடந்தது. அவனுடைய பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி இருக்கிறது. நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து இருபது வருடமாகிறது, நிரல் எழுதியதே இல்லை. இருந்தாலும் இந்தக் கணக்கைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தால் இவளுக்கும் பிடிபடும் என்று தோன்றியது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். முதல், கடைசி, வித்தியாசம், கூடுதல் என்று வைத்தோம். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் வரிக்கு வரி விசைப்பலகையை மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல்லே திரையிலும் இருந்ததால் அவள் தயங்காமல் படித்தாள்.

‘ரேஞ்ச்’ என்ற கட்டளைக்கு 301, 595, 7 என்று மூன்றையும் கொடுத்து, வரும் எண்களைக் கூட்டச் சொன்னோம். 18,669 வந்தது. நான் தாளில் போட்ட விடை 19,264. இரண்டையும் கழித்துப் பார்த்தவள், “அம்மா, சரியா 595 குறையுது. கடைசி நம்பரை அது சேர்க்கவே இல்லை” என்றாள். அதுதான் விஷயம். அந்தக் கட்டளை, நாம் கொடுக்கும் கடைசி எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். கணினியும் 42 எண்களைத்தான் எடுத்திருந்தது.

அவள் தவறு வேறு இடத்திலிருந்து வந்தது. 595-இல் 301-ஐக் கழித்து 7-ஆல் வகுத்தால் கிடைக்கும் 42, இடைவெளிகளின் எண்ணிக்கை. காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பள்ளிக்குப் போக அவள் தினமும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறாள். “பாலத்துக்கு ஏழு கண் இருந்தா, ரெண்டு கரைச் சுவரையும் சேர்த்து அதைத் தாங்க எத்தனை வேணும்?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி எட்டு என்றாள். அப்புறம் அந்த ஒன்றை அவள் விடவில்லை.

அடுத்து, கடைசி எண்ணில் முதல் எண்ணைக் கழித்து, வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டும் சூத்திரத்தை வைத்து எழுதினோம். சாதாரண வகுத்தல் குறி போட்டால் உறுப்புகளின் எண்ணிக்கை 43.0 என்று வந்தது. இரட்டைச் சாய்கோடு போட்டதும் 43 ஆனது. ஆனால் கடைசி எண்ணாக 600 கொடுத்தாலும் 43 என்றே சொன்னது. 600 அந்தத் தொடரில் இல்லவே இல்லை; வகுத்தால் மீதி 5 வரும். மீதியை இரட்டைச் சாய்கோடு சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. அதனால் மீதி பூச்சியம்தானா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் ‘இது தொடரில் இல்லை’ என்று சொல்லும்படி இரண்டு வரி சேர்த்தோம். எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அவை.

கூடுதலைக் கொடுத்து எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பதில்தான் இரண்டு ராத்திரி போனது. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 24,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். மாதம் 2,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி 240, 220, 200 என்று இறங்கி, பன்னிரண்டாம் மாதம் 20-இல் முடியும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மாறுவதால் இது அச்சு அசல் கூட்டுத் தொடர்வரிசை, வித்தியாசம் கழித்தல் 20. இதுவரை கட்டிய வட்டி 1,500 என்றால் எத்தனை மாதம் கட்டியிருக்கிறேன்?

இது இருபடிச் சமன்பாடாகிறது. ஆரியபட்டர் கி.பி. 499-இல் ஆரியபட்டீயத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார் என்று மகளுக்குச் சொன்னேன். கல்லூரியில் அதைப் படித்தபோது வராத வியப்பு இப்போது வந்தது. எங்கள் நிரல் இரண்டு விடை கொடுத்தது: 10, 15. எதிர்மறை விடையைத் தள்ளிவிடு என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். இரண்டுமே நேர்மறை.

பன்னிரண்டு மாதக் கடனில் பதினைந்தாம் மாதம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு உறுப்பாக அச்சிடச் சொன்னோம். பத்து மாதத்தில் 1,500. பன்னிரண்டில் 1,560. பதின்மூன்றாவது உறுப்பு பூச்சியம். பதினான்காவது கழித்தல் 20, பதினைந்தாவது கழித்தல் 40. அறுபது குறைந்து மறுபடியும் 1,500. “அப்போ குழு நமக்கு வட்டி தருதாம்மா?” என்று கேட்டாள். கணக்குப்படி ஆமாம், கடன்படி இல்லை என்றேன். மொத்த வட்டி 1,560-ஐக் கொடுத்துப் பார்த்தால் 12, 13 என்று இரண்டும் வந்தன. பதின்மூன்றாம் மாதம் பூச்சியம் ரூபாய் என்பதால் அதுவும் பொருந்துகிறது.

சின்னதை மட்டும் காட்டும்படி மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பரீட்சையில் இரண்டும் சரியாக இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும் என்றாள். அவள் சொன்னதுதான் நியாயம். அதனால் நிரல் இப்போது இரண்டு விடையையும் காட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கடைசி உறுப்பு எவ்வளவு என்று எழுதுகிறது. 10-க்குப் பக்கத்தில் 60. 15-க்குப் பக்கத்தில் கழித்தல் 40. எது நம் கடனுக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.