மன்றம் அங்கீகரித்தது

பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் என் நாற்காலி தலைவருக்குப் பின்னால், சுவரை ஒட்டிக் கிடக்கும். செயல் அலுவலர் பொருளை வாசிப்பார், உறுப்பினர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். சேர்வராயன் மலை அடிவாரத்தில், சேலம் மாநகராட்சியை ஒட்டிய ஊர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

கூட்டத்தில் நடப்பது ஒன்று, தீர்மானப் புத்தகத்தில் ஏறுவது ஒன்று. முக்கால் மணி நேரம் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருந்தாலும் புத்தகத்தில் 'மன்றம் அங்கீகரித்தது' என்று இரண்டே சொல்தான் நிற்கும். 2014-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லாவற்றையும் எழுதினேன். தலைமை எழுத்தர் கூப்பிட்டு, "தம்பி, இது கதை எழுதற எடம் இல்ல. முடிவை மட்டும் எழுது. ஆடிட்டுக்கு வர்றவங்க ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி போடுவாங்க" என்றார். சரி, அனுபவஸ்தர் சொல்கிறார் என்று அன்றிலிருந்து சுருக்கக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

அப்புறம் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்வரை ஐந்து வருஷத்துக்கு மேல் மன்றமே கிடையாது, தனி அலுவலர்தான் எல்லாம். எங்களுக்கு அது நிம்மதியான காலம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேள்வி கேட்க ஆள் இல்லை. மலையடிவாரத்துப் புஞ்சைக் காடுகள் கல் நட்டு மனைகளாக மாறியதும் அதே காலத்தில்தான். சோளம் விளைந்த இடத்தில் நடுவில் ஒரு ஆர்ச்சும், இரண்டு பக்கமும் பாம்பே பூச்செடியும், 'ஏற்காடு வியூ' என்று போர்டும்.

புதிய மன்றத்தில் பாதிக்குப் பாதி பெண்கள். சிலருடைய கணவர்மார் கூட்ட அறை வாசலிலேயே நிற்பார்கள், உள்ளே மனைவி நிமிர்ந்து பார்த்தால் வெளியிலிருந்து தலை ஆடும். ஒருவருக்கு மட்டும் அந்தத் தொந்தரவு இல்லை. வயது அறுபதைத் தாண்டியவர், கணவர் இறந்து பல வருஷமாகிறது. ஒரு காலத்தில் அந்தக் காடுகளில் ஆடு மேய்த்தவர். ஊரே ஆயா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

அந்தக் கூட்டம் 2022 கடைசியில் நடந்தது. பொருள் எண் 9, பொதுமக்கள் பாதுகாப்புக்காக முக்கிய இடங்களில் சிசிடிவி கேமராவும் உயர்கோபுர மின்விளக்கும் அமைப்பது. ஒரு மணி நேரம் ஓடியது. என் வார்டுக்கு ஏன் ஒன்று, அவர் வார்டுக்கு ஏன் மூன்று, நாய்த்தொல்லை, சங்கிலி பறித்தவன் எந்தப் பக்கம் ஓடினான், டாஸ்மாக் கடை. கேமரா எல்லோருக்கும் புரிகிற பொருள். கம்பம் நட்டால் ஜனங்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பொருள் எண் 14-க்கு வந்தபோது டீ வந்துவிட்டது. மனைப்பிரிவு ஒன்றின் சாலைகளையும் பூங்கா இடத்தையும் பேரூராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதை ஏற்றுக்கொள்வது மன்றத்தின் பரிசீலனைக்கும் முடிவிற்கும். பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டே எல்லோரும் தலையாட்டினார்கள். ஆயா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காட்டுக்குள்ள ஒரு பள்ளம் வருமே, அது எங்க போச்சு?" என்றார்.

"அது ஓடைங்க ஆயா. பைப் போட்டு மேல ரோடு போட்டுட்டாங்க" என்றார் பணி மேற்பார்வையாளர்.

"எத்தாப் பெரிய பைப்பு?"

அவர் கையை அகட்டிக் காட்டினார். ஆயா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க எருமையவே உருட்டிக்கிட்டுப் போன தண்ணி அது" என்றார். யாரோ சிரித்தார்கள். செயல் அலுவலர் அடுத்த பொருளை வாசித்தார். நான் எழுதினேன்: 'விவாதத்திற்குப் பின் மன்றம் அங்கீகரித்தது.' வழக்கமான இரண்டு சொல்லுக்கு முன்னால் அந்த 'விவாதத்திற்குப் பின்' என்பதைச் சேர்த்ததே அவருக்கு நான் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோப்பில் பொய்யான காகிதம் ஒன்றுகூட இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இடம் ஏரியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்புக்குள் இல்லை என்று ஒரு சான்று இருந்தது. உண்மைதான், ஏரி ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. நில அளவைக்காரர்களின் புல வரைபடத்தில் ஓடை இரண்டு கோடாக இருந்தது. மனை வரைபடத்தில் அதே இரண்டு கோட்டுக்கு நடுவே 'சாலை' என்று எழுதியிருந்தது. ஓடையை யாரும் பட்டா போடவில்லை, பிளாட் போட்டு விற்கவில்லை. சாலைக்குக் கீழே 2 அடி விட்டத்தில் இரண்டு ஹியூம் பைப் இருக்கிறது, பொதுப் பயன்பாட்டில்தானே இருக்கிறது என்றால் என்ன பதில் சொல்வது? ஏரிகளைக் காப்பாற்ற 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறை வசம் இருந்த ஏரிகளுக்கு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிற, வருஷத்தில் பதினோரு மாதம் காய்ந்து கிடக்கிற முள்ளுக்காட்டு ஓடைக்கு அப்படி ஒரு பெரிய துணை கிடையாது.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நாம் ஒரு மணி நேரத்தில் போகிற உயரத்தைத் தண்ணீர் வளைவே இல்லாமல் இறங்கி வருகிறது. பாறை மலை, மேலே மண் கொஞ்சம்தான், குடித்து வைத்துக்கொள்ளாது. அந்தக் காலத்தில் இதற்காகத்தான் அடிவாரத்தில் ஏரி ஏரியாக வெட்டி ஒன்றோடொன்று கோத்து வைத்தார்கள். கன்னங்குறிச்சிப் புது ஏரி நிறைந்தால் மூக்கனேரிக்கு, அங்கே கோடி விழுந்தால் திருமணிமுத்தாற்றுக்கு, ஊரைக் கடந்து நாமக்கல் பக்கம் போய்க் காவிரிக்கு. ஏரிகளைப் பற்றி இன்று நிறையப் பேர் பேசுகிறார்கள், நல்லதுதான். கோத்திருக்கிற நூலைப் பற்றித்தான் பேச்சில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நமக்கென்ன, அது கடலோரம் என்று இருந்தோம். அது மெதுவாக உள்ளே நகர்ந்து வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டிலும் விடாமல் அடித்தது, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. டிசம்பர் 1 இரவு நான் அலுவலகத்தில் டியூட்டி. தொலைபேசி, ஜேசிபிக்காரர் நம்பர், மணல் மூட்டை, நனைந்த பேண்ட். விடியற்காலை நாலு மணி சுமாருக்கு அந்த மனைப்பிரிவிலிருந்து முதல் அழைப்பு வந்தது. "சார், ரோடு ஓடுது சார்" என்றார் ஒருவர். எனக்கு முதலில் புரியவில்லை. ரோட்டில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டேன். "ரோடேதான் சார் ஓடுது" என்றார்.

நடந்ததை நான் பார்த்தது மறுநாள், கேமரா பதிவில். பொருள் எண் 9-ல் வாங்கிய கேமராக்களில் ஒன்றை அந்த ஆர்ச்சுக்கு எதிரே வைத்திருந்தோம். பக்கத்திலேயே உயர்கோபுர விளக்கு. மின்சாரம் போகாததால் எல்லாம் பகல் மாதிரி தெளிவாகத் தெரிந்தது. 3.40-க்கு ரோட்டின் நடுவில் தார் லேசாக உப்புகிறது, உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி. பைப் அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே வர வழி தேடுகிறது. ஐந்து நிமிஷத்தில் தார் பிளந்து, காப்பி நிறத் தண்ணீர் இரண்டு பக்கத்து வீட்டு வாசல்களுக்கும் ஏறுகிறது. சாக்கடை மூடியிருந்த கான்கிரீட் பலகை ஒன்று தக்கை மாதிரி நகர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு ஒரு பால்காரர் மொபெட்டில் வருகிறார். முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குகிறார், வண்டியைத் தள்ளுகிறார். பலகை இருந்த இடத்தில் ஆள் காணவில்லை. கேன் மட்டும் மிதந்து திரையை விட்டு வெளியே போகிறது.

பிழைத்துக்கொண்டார். கீழே வேலிக் கம்பியைப் பிடித்திருந்தவரை இழுத்துப் போட்டார்கள். கால் முறிவு, மூன்று மாதம் படுக்கை. அந்தப் பதிவை நான் நான்கு தடவை பார்த்திருப்பேன். ஒரு மணி நேரம் வாதாடி வாங்கிய விளக்கும் கேமராவும் குறையில்லாமல் வேலை செய்திருந்தன. இரண்டே நிமிஷத்தில் முடித்த பொருள் அந்த வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் புத்தகத்தில் 'பாதுகாப்பு' என்றால் போலீஸ், விளக்கு, கேமரா. 'வெள்ளம்' என்றால் வேறு துறை, வேறு கோப்பு. இரண்டும் ஒரே தெரு என்பது தெருவில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் பழைய அஜெண்டா தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம் மழை பெய்து அத்தனையும் ஓடினால் விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர். அந்த ஓடைக்கு மேலே மலைச்சரிவு 120 ஏக்கர் வரும் என்று வைத்துக்கொள். மணிக்கு 2 அங்குலம் பெய்கிறது, பாதி ஓடுகிறது என்றாலும் 120 கன அடி. 2 அடி பைப் நிறைந்து நல்ல வேகத்தில் ஓடினால் 20 கன அடி தாங்கும், இரண்டு பைப்பும் சேர்த்து 40. அதுவும் குப்பையும் முள்ளும் வந்து அடைக்காமல் இருந்தால். "மூணுல ஒரு பங்குதான். அன்னிக்கே இதப் போட்டிருக்கலாம், அஞ்சு நிமிசக் கணக்கு" என்றார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. என் பங்கு அஞ்சு நிமிஷம்கூட இல்லை, ஒரு வரி.

அது அடுத்த கூட்டத்தில் வெளியே வந்தது. கூச்சல். அந்த வார்டு உறுப்பினர் அதிகாரிகளைக் கேட்டார், அதிகாரிகள் மனை போட்டவரைக் கைகாட்டினார்கள், அவர் தரப்பு ஒப்புதல் கடிதத்தைக் காட்டியது. கடைசியில் தலைவர், "அன்னைக்கு மன்றத்துல யாருமே ஒண்ணும் கேக்கலயே? புத்தகத்த எடுங்க" என்றார். எடுத்து வாசித்தேன். பொருள் எண் 14. விவாதத்திற்குப் பின் மன்றம் அங்கீகரித்தது.

ஆயா கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "நான் கேட்டனே கண்ணு, நீ எழுதலயா?" என்று மட்டும் கேட்டார்.

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆடிட் என்று சொல்லலாம், தலைமை எழுத்தர் என்று சொல்லலாம். அவர் ஓய்வு பெற்று ஓமலூர் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது எழுதுகிறேன். யார் கேட்டார், என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார், பதில் சொல்லாவிட்டால் 'பதில் அளிக்கப்படவில்லை' என்றும். செயல் அலுவலருக்கு முதலில் பிடிக்கவில்லை. பக்கம் கூடுகிறது, கையெழுத்துப் போட நேரமாகிறது என்றார். மனைப்பிரிவுப் பொருள் வந்தால் புல வரைபட நகலையும் அஜெண்டாவோடு பின் அடித்துக் கொடுக்கிறேன். அதைப் பாதிப் பேர் பிரிப்பதில்லை. பிரிக்கிற பாதிப் பேரில் இரண்டு பேர் நோண்டிக் கேட்கிறார்கள், எனக்கு அது போதுமாக இருக்கிறது.

அந்த இடத்தில் பைப்பை எடுத்துவிட்டுப் பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி மாதிரிக் கான்கிரீட் சிறுபாலம், கட்ட மதிப்பீடு போட்டு நிதிக்கு எழுதியிருக்கிறோம். நிதி வரவில்லை. தார் கிழிந்த இடத்தில் கிராவல் கொட்டி வைத்திருக்கிறது.

போன மாதம் வேறொரு மனைப்பிரிவு வந்தது. ஆயா எழுந்தார், கேட்டார், உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு என் மேஜைக்கு வந்து, "எழுதுனத வாசி" என்றார். வாசித்தேன். '7-வது வார்டு உறுப்பினர், மேற்படி இடத்தின் கிழக்கே உள்ள ஓடையின் அகலம் எவ்வளவு என்றும், அது வரைபடத்தில்...'

"ஓடைன்னு எழுதாத. ஓடைன்னா சின்னதாக்கும்னு நெனச்சுக்குவாங்க. பள்ளம்னு எழுது."

வருவாய்ப் பதிவேட்டில் ஓடை என்றுதான் இருக்கிறது ஆயா, மாற்றினால் ஆட்சேபம் வரும் என்றேன். அவர் நகரவில்லை. பேனாவை எடுத்து 'ஓடை' என்பதற்குப் பக்கத்தில், உறுப்பினர் கூற்றுப்படி பள்ளம், என்று சேர்த்தேன். இரண்டையும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.