சிலிண்டருக்குள் இருப்பது என்ன?
தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் கரையில், கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கப் படகுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் பலர், முதுகில் சுமக்கும் சிலிண்டரில் தூய ஆக்சிஜன் இருப்பதாகவே நம்புகிறார்கள். பெரும்பாலும் அதில் அடைத்திருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான்: ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன், 78 விழுக்காடு நைட்ரஜன்.

1974இல் மூழ்கிய புரொட்யூஸ் கப்பல் கிடக்கும் அலிவால் பாறைத்திட்டில், 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார், அதாவது கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிவிடுவதால், நைட்ரஜன் உடல் திசுக்களில் மிகுதியாகக் கரைந்து அறிவை மயக்குவதோடு, வேகமாக மேலேறினால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. நைட்ரஜனைக் குறைத்து 32 விழுக்காடு ஆக்சிஜன் சேர்த்த நைட்ராக்ஸைப் பலர் விரும்புவது இதனால்தான்.

ஆனால் நைட்ராக்ஸ் இன்னும் ஆழமாகச் செல்வதற்கான உரிமம் என்று எண்ணுவது பெரும் ஆபத்து. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 32 விழுக்காட்டுக் கலவையில் அது ஏறத்தாழ 33 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. அதற்கும் கீழே முன்னறிகுறி எதுவுமின்றி வலிப்பு வரலாம், வாயிலிருந்து சுவாசக்கருவி நழுவினால் பிழைப்பது அரிது.

எனவே தம்பி தங்கைகளே, கடைக்காரர் எழுதிய எண்ணை நம்பிவிடாமல், ஆக்சிஜன் அளவியை வால்வருகே பிடித்து, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுத்திருந்து, விழுக்காட்டையும் இறங்கக்கூடிய ஆழத்தையும் தேதியையும் சிலிண்டரின் கழுத்தில் ஒட்டிய நாடாவில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். காற்று நிரப்பும் கம்ப்ரசர் வண்டிப்புகைக்கு அருகே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.