முட்டை, கல் உப்பு, விதைநெல்: அடர்த்திப் பாடம் செய்து பார்த்த குறிப்புகள்

டெல்டா பக்கம் பள்ளி திறக்கிற நேரமும் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நேரமும் ஜூனில் ஒன்றாகவே வரும். அடர்த்திப் பாடத்துக்கு இதைவிடத் தோதான பருவம் இல்லை. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரையும் (உள்ளே ஒன்றுமில்லாத நெல்) கருக்காயையும் (அரைகுறையாக முற்றிய நெல்) கழிக்கிற வேலையை வகுப்புக்குள் அப்படியே செய்யலாம்.

தேவை: 100 கிராம் நெல், வாயகன்ற கண்ணாடிப் பாத்திரம், கால் கிலோ கல் உப்பு, ஒரு கோழிமுட்டை, தராசு, டீ வடிகட்டி. நெல் வீட்டில் எடுத்துவைத்த விதையாக இருக்கட்டும். சாயமேறிய, மருந்து கலந்த கடை விதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

இதில் உப்பு போதுமா என்று காட்ட முட்டைதான் அளவுகோல், அதனால் அது புதிதா என்பதைப் பொறுத்தே எல்லாம். முதலில் வெறும் தண்ணீரில் விடுங்கள். அடியில் படுத்தால் புதிது. மழுங்கிய முனை மேலே தூக்கி நின்றால் பழசு. நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறி, அந்த முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். எடை குறையும், பருமன் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட முட்டை கொஞ்ச உப்புக்கே மிதந்துவிடும். கரைசல் தயார் என்று நம்பி நெல்லைப் போட்டால், கருக்காயும் நல்ல மணியோடு சேர்ந்து அடியில் போய் உட்காரும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 80 கிராம் உப்பு, பிறகு பத்துப் பத்து கிராமாக. முழுக்கக் கரைந்த பிறகே முட்டையை விட வேண்டும். அவசரப்பட்டால் அடியில் உப்பு கூடியும் மேலே குறைந்தும் இருக்கும், முட்டை நடுவில் நின்றுகொள்ளும். (பிள்ளைகளுக்குப் பிடித்ததே அதுதான். இன்னொரு நாள் தனிச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.) புது முட்டை பெரும்பாலும் 120 கிராமைத் தாண்டும்போது மேலே வரும். கல் உப்பு ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். தூள் உப்பு வேண்டாம். கட்டி தட்டாமலிருக்க அதில் சேர்ப்பது தண்ணீரைக் கலங்கடிக்கும்.

முட்டையின் தலை நாலணா அளவுக்கு வெளியே தெரிய வேண்டும் என்பது வயல் கணக்கு. நாலணாவுக்கு எங்கே போவது? 25 காசு 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. கடைசியாகப் புழங்கிய எவர்சில்வர் காசின் விட்டம் 19 மி.மீ.; அட்டையில் அதே அளவுக்கு வட்டம் வெட்டிப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

நெல்லைப் போடுமுன் ஒரு கேள்வி: 120 கிராம் உப்பு கரைந்த ஒரு லிட்டர் தண்ணீர் இப்போது எத்தனை மி.லி.? 1120 என்று பாதி வகுப்பு கத்தும். அளந்தால் ஏறத்தாழ 1040தான். அப்படியானால் அடர்த்தி சுமார் 1.08. அதில் 100 மி.லி. எடுத்து எடை போட்டால் 108 கிராம் அளவுக்குக் காட்டும்.

நெல்லைப் போட்டதும் மிதப்பதை அள்ளிவிடாதீர்கள். உமியின் சுணையில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் நல்ல மணியும் மிதக்கும். கையால் இரண்டு மூன்று முறை கலக்கிவிட்ட பிறகும் மேலே நிற்பதே கழிவு. பத்து நிமிடத்துக்கு மேல் ஊற விடவும் கூடாது. மூழ்கியது, மிதந்தது இரண்டையும் நல்ல தண்ணீரில் மும்முறை அலசுங்கள். ஒன்றை மட்டும் அலசினால் பிறகு முளைப்பை ஒப்பிடுவதில் நியாயம் இருக்காது.

அடுத்தது முளைப்பு. மூன்று ஈரத்துணி, மூழ்கியதில் 100, மிதந்ததில் 100, தரம் பிரிக்காததில் 100. பத்துக்குப் பத்தாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளிக்கலாம். சொட்டச் சொட்ட நனைத்தால் அழுகும். விதைப் பரிசோதனை முறைப்படி நெல்லுக்கு 5ஆம் நாள் முதல் கணக்கு, 14ஆம் நாள் கடைசிக் கணக்கு. சான்று விதை என்றால் குறைந்தது 80 முளைக்க வேண்டும். மிதந்ததிலும் சில முளைக்கும், ஆனால் நாற்று நோஞ்சானாக இருக்கும். உள்ளே மாவு குறைவு. மூழ்கியதே முளைக்கவில்லையா? நெல் அறுத்த தேதியைக் கேளுங்கள். சில ரகங்கள் அறுத்த புதிதில் உறக்கத்தில் இருக்கும்.

மிச்சக் கரைசலைப் பள்ளித் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், செடி காய்ந்துவிடும். வடிகட்டி இரண்டு தட்டில் ஊற்றினால் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி கைதான வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகப் பாடத்துக்கும் உதவும். வெயிலில் வேகமாக வற்றும் தட்டில் பொடி உப்பு, நிழலில் மெல்ல வற்றுவதில் சதுரச் சதுரமான படிகம். சமையலுக்கு ஆகாது. தூசி விழாமல் மெல்லிய துணி கட்டுங்கள். மூடி போட்டால் வற்றாது.