ஆவனி மலையில் அம்மாவின் அர்ச்சனை

பெங்களூரு அல்சூரில் வாழும் எங்களுக்குக் கோலார் மாவட்டம் தொலைவில்லை என்றாலும், முளபாகிலுக்கு அருகிலுள்ள ஆவனிக்குப் போகவேண்டும் என்ற அம்மாவின் நெடுநாள் ஆசை சென்ற தை மாதத்தில்தான் கைகூடியது. சீதை லவகுசர்களை ஈன்ற இடம் என்று அவ்வூரார் வழிவழியாகப் போற்றும் மலை அது. அடிவாரத்தில், நுளம்ப மன்னர்கள் காலத்து ஆலயத் தொகுதியில், ராமர் முதலான நான்கு சகோதரர்களின் பெயராலும் தனித்தனிச் சிவசன்னதிகள் உள்ளன. அம்மா அங்கே நிற்கவில்லை.

"முதல்ல பெத்தவளைப் பார்த்துட்டு வருவோம்" என்று மலையேறத் தொடங்கினார்.

அம்மாவின் ஏழாம் வயதில் வீட்டை விட்டுப் போன என் தாத்தா, இன்றும் எங்கோ இருப்பதாகக் கேள்வி. ஆகவே, ராமனைப் பிள்ளைகள் மன்னிக்கலாமா என்பது எங்கள் வீட்டில் வெறும் பட்டிமன்றக் கேள்வியாக இருந்ததில்லை. கம்பர் முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டார். வால்மீகியின் பெயரால் வழங்கும் உத்தர காண்டத்திலோ, அசுவமேத வேள்வியில் யாரென்று அறியாத இரு சிறுவர்களின் பாட்டில் உருகிய மன்னன் 18,000 பொன் கொடுக்கச் சொல்ல, காயும் கிழங்கும் உண்டு காட்டில் வாழும் எங்களுக்குப் பொன் எதற்கு என்று அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். தகப்பன் பட்ட கடன் பொன்னால் தீராது என்பதை அறியாமலே சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். குலசேகராழ்வார் அந்தக் காட்சியைத் "தன்சரிதை கேட்டான்" என்று பாடுகிறார். தன் கதையைப் பிள்ளைகளின் வாயால் உட்கார்ந்து கேட்டானே, அதற்காக அவர்கள் மனம் இளகியிருந்தால் அது தகும். ஆனால் அவர்கள் தன் மக்கள் என்று தெரிந்த பின்னும் சீதையைச் சபையில் மீண்டும் சத்தியம் செய்யச் சொன்னான்; அவள் மண்ணுக்குள் போனாள். அதை மன்னிக்கும் உரிமை பிள்ளைகளுக்கும் கிடையாது. நாள்தோறும் ராமநாமம் சொல்லும் நான் இதைக் கலங்கித்தான் எழுதுகிறேன்.

மலைமேல் இருந்த குகைக்குள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்த பாறையில், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அம்மா புறங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

"தாத்தாவை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"எப்படி வளர்ந்தேன்னு ஒரு நாள் வந்து உக்காந்து கேட்டாரா? கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

இறங்கி வந்து ராமலிங்கேஸ்வரர் சன்னதியில் நின்றோம். அர்ச்சகர் கன்னடத்தில் பெயர், நட்சத்திரம் கேட்க, அம்மா எங்கள் எல்லோருடையதையும் வரிசையாகச் சொன்னார். சற்று நிறுத்தி, "பூராடம்" என்றார். அர்ச்சகர் பெயருக்காகக் காத்திருந்தார். அம்மா லிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அர்ச்சகர், பெயரில்லாமலே அர்ச்சனையைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் யாருக்கும் பூராடம் இல்லை.