கிளட்ச் எங்கே?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 26 வருஷமாக ஃபிட்டராக இருக்கிறேன். போன மாதம் சென்னை போக, கோயம்புத்தூரில் ஏடிஆர் 72 விமானம் ஏறினேன். வலது பக்க ஜன்னல் சீட். இன்ஜின் இரைந்துகொண்டிருந்தது, அதன் பின்னால் கானல் நெளிந்தது. ஆனால் ப்ரொப்பெல்லரின் ஆறு இறக்கைகளும் அசையாமல் நின்றன. சரி, இன்ஜினையும் ப்ரொப்பெல்லரையும் பிரித்துவிட நடுவில் கிளட்ச் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இறங்கியதும் அக்கா மகனுக்கு போன் போட்டேன். விமானப் பராமரிப்பில் இருக்கிறான்.

"கிளட்சே கிடையாது மாமா. ஏசிக்கும் கரண்டுக்கும் வலது இன்ஜினை ஓடவிட்டு, ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைப்போம்."

"இன்ஜின் திணறி நின்றுவிடாதா?"

"இரண்டுக்கும் நடுவில் காற்றுதானே இருக்கு!"

பாதி ராத்திரிக்குத்தான் புரிந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும், மலைக்காற்று பட்டு எங்கள் ஃபேக்டரி எக்ஸாஸ்ட் ஃபேன் தானாகச் சுற்றும். கட்டையைக் கொடுத்து அதை நிறுத்தலாம், காற்று நிற்காது. அதே கதைதான். காற்றை அழுத்தி, எரிபொருளை எரிக்கிற பகுதிக்கென்று தனி டர்பைன்கள், அதாவது வாயு பட்டுச் சுழலும் இறக்கைச் சக்கரங்கள், தனி ஷாப்ட்டுகள். அவற்றைத் தாண்டி வரும் சூடான வாயு, கடைசியில் உள்ள இன்னொரு டர்பைனைச் சுழற்றுகிறது. ப்ரொப்பெல்லருக்கு உழைப்பது அது மட்டும்தான். அதன் ஷாப்ட் மற்ற ஷாப்ட்டுகளுக்குள்ளேயே புகுந்து முன்பக்கம் வருகிறது. அவற்றில் எதோடும் ஒரு போல்ட் இணைப்புகூட இல்லை.

அப்புறம் கியர் பாக்ஸ். இது என் பாடம். எங்கள் மோட்டார் 1440 சுற்று, தேயிலையை உருட்டும் ரோலருக்கு வரும்போது 45. அங்கே டர்பைன் நிமிஷத்துக்குச் சுமார் 20,000 சுற்று, ப்ரொப்பெல்லருக்கு 1200. சுற்று குறையக் குறைய முறுக்கு விசை கூடும். ப்ரொப்பெல்லரின் குறுக்களவு கிட்டத்தட்ட 3.9 மீட்டர், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1200 சுற்றிலேயே இறக்கை நுனி விநாடிக்கு 245 மீட்டர் போகிறது. டர்பைனை நேராக மாட்டினால் ஒலியைப் போல 12 மடங்கு! எந்த இறக்கை தாங்கும்?

வேகம் கூட்ட சுற்றைக் கூட்டுவதில்லை என்பது இன்னொரு அழகு. எரிபொருள் கூடினால் இறக்கைகள் ஆயில் அழுத்தத்தில் கோணம் திரும்பி, காற்றை இன்னும் ஆழமாகக் கடிக்கின்றன. சுற்று அப்படியே நிற்கிறது.

திரும்பும்போதும் வலது பக்கமே கேட்டு வாங்கினேன். பிரேக்கை விட்டதும் ஆறு இறக்கைகளும் மெதுவாக நகர ஆரம்பித்தன. கிளட்ச் பிடிக்கும்போது வருமே ஒரு உதறல், அது துளிகூட இல்லை.