ரீகால் வந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

கோயம்புத்தூரில் பைக் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கிற சின்ன பட்டறை என்னுடையது. போன மாதம் ஒரு தம்பி வந்தான். "அண்ணா, பின்னாடி டக்கு டக்குனு சத்தம். லிங்கேஜ் பேரிங் போயிருச்சுனு நினைக்கிறேன், பாத்துடுங்க."

அவன் நினைத்தது சரிதான், பின்சக்கரத்தையும் ஷாக்கையும் இணைக்கும் லிங்கேஜின் பேரிங்தான். ஆனால் கழற்றிய மோனோஷாக்கை (பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஒற்றை ஷாக் அப்சார்பர்) டீசல் போட்டுக் கழுவியபோது, அதன் எண்ணெய்க் குப்பியான ரிசர்வாயருக்குக் கீழே சேறு அப்பிக்கிடந்த இடத்தில் சீரியல் நம்பர் தெரிந்தது. வெளிநாட்டு ஷாக். அதைத் தயாரித்த கம்பெனி தன் தளத்தில் ரீகால் பட்டியல், அதாவது கோளாறு இருப்பதால் திரும்ப அழைக்கும் பொருட்களின் பட்டியல் போட்டிருந்தது. இந்த நம்பரும் அதில் இருந்தது.

கோளாறு கீழ்க்கண்ணில், அதாவது ஷாக்கை வண்டியோடு மாட்டும் கீழ் வளையத்தில். ஷாக்கின் கம்பியான ஷாஃப்ட் முனையில் அதை மரை ஏற்றி, பூட்டுப் பசை போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த முடுக்கம் சரியில்லாத பேட்ச் அது. கண் கழன்றால் பின்சக்கரத்தைத் தாங்க ஒன்றுமே இருக்காது. டயர் மட்கார்டில் ஏறி முட்டும். குழியில் மெதுவாகப் போகும்போது நடந்தால் தப்பிக்கலாம். எல் அண்ட் டி பைபாஸில் 90-ல் போகும்போது நடந்தால்?

"கம்பெனிக்காரன் எனக்கு ஏண்ணா சொல்லல?"

"உன் பேரு அவனுக்கு எப்படிடா தெரியும்?"

ஷாக்கை அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். பில் கிடையாது, பெட்டியும் கிடையாது.

வண்டிக் கம்பெனி போட்ட பார்ட்டுக்கும் நாம் வெளியில் வாங்கி மாட்டும் பார்ட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தரத்தில் இல்லை, இதில்தான் என்பேன். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எந்தெந்த வண்டி என்பது சேசிஸ் நம்பரிலேயே தெரிந்துவிடும். வண்டி நாலு கை மாறியிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் அந்த நம்பரைத் தட்டினால் போதும். நீங்கள் பிறகு மாட்டிய ஷாக்குக்கு உங்கள் ஆர்சி புக்கோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

அமெரிக்காவிலும் இந்த ஓட்டை இருக்கிறது. அங்கே போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு உதிரிப் பொருள் ரீகாலைத் தனியாகவே பதிகிறது. வண்டி என்றால் ரீகால் எண்ணில் 'வி' எழுத்து, உதிரி என்றால் 'இ'. ஆனால் சேசிஸ் நம்பர் போட்டுத் தேடினால் வண்டியின் ரீகால்தான் வரும். வெளியில் வாங்கி மாட்டிய ஃபோர்க் கார்ட்ரிட்ஜ் (முன்பக்க ஷாக்கின் உள்பாகம்) அதில் வராது. கம்பெனி பேரைப் போட்டுத் தனியாகத் தேட வேண்டும். இருந்தாலும் தேட ஓர் இடமாவது இருக்கிறது.

நம் ஊரில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு அரசே ரீகால் உத்தரவிட வழி செய்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒரு மாடல் வருடத்துக்கு எத்தனை விற்றது, அதில் எத்தனை புகார் என்று பார்ப்பார்கள். கணக்கே வண்டி மாடலை வைத்துத்தான். ஆன்லைனில் வாங்கி மாட்டிய ஷாக் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

தம்பி கதைக்கு வருகிறேன். இறக்குமதி செய்தவரிடம் பேசினோம், பில் இல்லாமல் முடியாது என்றார். ரீகாலுக்கு எதற்கய்யா பில், நம்பர்தான் கண்ணெதிரே இருக்கிறதே? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நேரே தயாரிப்பாளருக்கு சீரியல் நம்பர் படத்தோடு மெயில் போட்டோம். அனுப்பி வையுங்கள், மாற்றித் தருகிறோம் என்று பதில் வந்தது. இறக்குமதிக்காரருக்கும் அதை நகல் போட்டார்கள், பிறகுதான் அவர் வழிக்கு வந்தார்.

இப்போது என் பட்டறையில் எந்த வெளி ஷாக், ஃபோர்க் கிட் மாட்டினாலும் சீரியல் நம்பரை ஜாப் கார்டில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். தயாரிப்பாளர் தளத்தில் பதிவு செய்யும் வசதி இருந்தால் வாடிக்கையாளரையே முன்னால் உட்காரவைத்துப் பதியச் சொல்கிறேன். அலுத்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, வண்டியோடு வந்த பழைய ஷாக்கைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஷாஃப்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, துணி சுற்றிப் பரணில் போடுங்கள். தம்பியின் ஷாக் இன்னும் கஸ்டம்ஸில் நிற்கிறது. பழசு வீட்டில் இருந்ததால் அவன் வேலைக்குப் போய்வருகிறான்.